சுழலும் தண்டு

என்ஜிசி 1365 கேலக்சியின் படத்தை ஒரு முறை பார்த்தவருக்கு அதன் வடிவம் மறக்காது. நடுவே இளமஞ்சள் ஒளியில் நீண்ட தண்டு ஒன்று. அதன் இரு முனைகளிலிருந்தும் ஆளுக்கொரு நீலக் கை கிளம்பி, ஒன்று வடக்கே, மற்றது தெற்கே என நெடுந்தூரம் வளைந்து போய் இருளில் கரைகிறது. மஞ்சள், வயதான விண்மீன்களின் நிறம். நீலம், பிறந்து அதிக நாளாகாத, வேகமாக எரிந்து தீரப்போகும் பெரிய விண்மீன்களின் நிறம். உற்றுப் பார்த்தால் தண்டின் உடலில் பழுப்பாக இரண்டு தூசுக் கோடுகள் தெரியும். அவை தண்டின் நடுவே ஓடுவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு பக்க விளிம்பை ஒட்டியே வந்து, மையத்தை நெருங்கியதும் உள்ளே திரும்புகிறது. கேலக்சியின் குறுக்களவு சுமார் 2 லட்சம் ஒளியாண்டு, நம் பால்வீதியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. தண்டின் நீளம் மட்டும் கிட்டத்தட்ட 60 ஆயிரம் ஒளியாண்டு. நமக்கும் அதற்கும் இடையே சுமார் 6 கோடி ஒளியாண்டு தூரம்.

இந்தத் தண்டு முழுதாக ஒரு சுற்று சுற்றிவர ஏறக்குறைய 35 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மனிதர்கள் கேலக்சிகளைப் படமெடுக்கத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. அவ்வளவு காலத்தில் அந்தத் தண்டு திரும்பியிருக்கும் கோணம் ஒரு டிகிரியில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு. எந்தக் கேமராவுக்கும் அது எட்டாது. இனி வரும் ஆயிரம் தலைமுறைகளும் இதே படத்தைத்தான் பார்க்கும். ஆக, இந்தக் கேலக்சியைப் பற்றி நம்மிடம் இருப்பது ஒரே ஒரு அசையாத படம். இருந்தும் அது சுழல்கிறது என்கிறோம், எவ்வளவு நேரத்தில் சுழல்கிறது என்றும் சொல்கிறோம். வானியலில் என்னை அதிகம் ஈர்ப்பது இந்தத் துணிவுதான். கேலக்சிப் படங்கள் இன்று எல்லோர் கையிலும் இருக்கின்றன. கைபேசித் திரையை அலங்கரிக்கின்றன, காலண்டரில் தொங்குகின்றன. ஆனால் அவற்றை ஓவியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் படத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும் காலத்தைப் படிக்க வழி இருக்கிறது என்பது பலருக்கும் வந்து சேரவேயில்லை.

அந்தப் படம் ஒரே கணத்தைக் காட்டுவதும் இல்லை. என்ஜிசி 1365 நமக்கு நேர்முகமாக இல்லை, நன்றாகச் சாய்ந்திருக்கிறது. அதன் அப்புறத்து விளிம்பிலிருந்து வரும் ஒளி, இப்புறத்து விளிம்பின் ஒளியைவிட ஒரு லட்சம் ஆண்டுக்கும் மேல் முன்னதாகவே கிளம்பியாக வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒரே இரவில் ஒரே ஆடியில் வந்து விழும். ஒரு படத்தின் இரு ஓரங்களுக்கிடையே மனித இனம் ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டு உலகெங்கும் பரவிய காலம் முழுதும் அடங்கிக் கிடக்கிறது. அப்படியிருந்தும் உருவம் கலங்காமல் இருக்கக் காரணம் அந்தக் கேலக்சியின் நிதானம். 35 கோடி ஆண்டுச் சுற்றில் ஒரு லட்சம் ஆண்டு என்பது கணக்கில் வராத சொற்பம்.

இது தென்வானத்துக் கேலக்சி. ஃபோர்னாக்ஸ் என்ற மங்கலான விண்மீன் குழுவில் இருக்கிறது. லண்டனில் அது அடிவானத்துக்கு மேல் இரண்டு டிகிரி அளவுதான் எழும். அதனால்தான் இங்கிலாந்திலிருந்து ஆண்டுக்கணக்காக வானத்தைத் துழாவி ஆயிரக்கணக்கான மங்கல்களைப் பட்டியலிட்ட வில்லியம் ஹெர்ஷலின் கண்ணில் இது படவில்லை. 1826இல் ஆஸ்திரேலியாவின் பரமட்டாவில் இருந்த ஜேம்ஸ் டன்லப் என்ற ஸ்காட்லாந்துக்காரர், தானே செய்த 9 அங்குலத் தொலைநோக்கியில் இதைக் கண்டார். அவருடைய பட்டியலில் 629 மங்கல்கள் இருந்தன. பின்னால் வந்தவர்கள் தேடியபோது அவற்றில் ஏறத்தாழ பாதி அகப்படவேயில்லை. அதனால் டன்லப்பின் பெயருக்கு நெடுங்காலம் மதிப்பில்லாமல் போனது. அகப்பட்ட மீதியில் இந்தக் கேலக்சி இருந்தது என்பதை அவர் கணக்கில் எழுத வேண்டும்.

நம் ஊர் வானத்தில் இது நன்றாகவே ஏறும். மார்கழி இரவில் ஒன்பது, பத்து மணிக்குச் சென்னையில் தெற்கே 41 டிகிரி உயரத்தில் நிற்கும். தென்கிழக்கில் அகத்திய விண்மீன், தென்மேற்கில் ஆக்கர்னார், இரண்டுக்கும் இடையே சற்று மேலே, விண்மீன்கள் அதிகம் இல்லாத ஒரு வெற்றிடம் போலத் தோன்றும் பகுதி அது. டன்லப் பரமட்டாவில் இருந்த அதே காலத்தில் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் இயங்கிவந்தது. அங்கே பணி வேறு. விண்மீன்களின் இருப்பிடத்தைத் துல்லியமாகக் குறிப்பது. டி. ஜி. டெய்லர் அங்கிருந்து வெளியிட்ட பட்டியலில் 11 ஆயிரம் விண்மீன்கள் இருக்கின்றன. இந்த மங்கல் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அந்தக் கூரைக்கு மேல் கடந்து போயிருக்கும்.

வெறுங்கண்ணுக்கு இது தெரியாது. ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில் எட்டு அங்குலத் தொலைநோக்கியில் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கறை போலத் தெரியும். நிறம் எதுவும் இருக்காது. நேராக உற்றுப் பார்த்தால் அதுவும் மங்கும். பார்வையைச் சற்று ஓரத்துக்குத் தள்ளினால், விழித்திரையின் மங்கல் ஒளிக்குப் பழகிய பகுதியில் அது விழும். அப்போது கறை ஒரு திசையில் நீள்வது தெரியவரும். அந்த நீட்சிதான் தண்டு. படத்தில் பார்த்த ஆடம்பரம் எதுவும் அங்கே கிடையாது. ஆனாலும் 6 கோடி ஆண்டு பயணம் செய்த ஒளி இடையில் எந்தத் திரையும் இல்லாமல் கண்ணுக்குள் வந்து முடிகிறது. அதற்கு ஈடாக எந்தப் படத்தையும் நான் வைக்க மாட்டேன்.

தண்டு உள்ள சுருள் கேலக்சிகளை ஒரு தனி வகையாக முதலில் எடுத்துக்காட்டியவர் லிக் வானாய்வகத்தின் ஹீபர் கர்டிஸ். 1918இல் அவர் அவற்றைக் கிரேக்க எழுத்தான ஃபையின் உருவத்தோடு ஒப்பிட்டார். எட்வின் ஹபிள் 1926இல் செய்த வகைப்பாட்டில் சுருள் கேலக்சிகள் இரண்டு கிளைகளாகப் பிரிந்தன, தண்டு உள்ளவை, இல்லாதவை என்று. அப்போது தண்டு ஒரு விதிவிலக்குப்போலத் தோன்றியது. இன்று தூசை ஊடுருவும் அகச்சிவப்பில் பார்க்கும்போது, அருகிலுள்ள சுருள் கேலக்சிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஏதோ ஓர் அளவில் தண்டு உடையவையாகவே இருக்கின்றன. விளக்கம் கேட்க வேண்டியது ஏன் தண்டு வந்தது என்பதற்கு மட்டுமா, ஏன் சிலவற்றில் வரவில்லை என்பதற்கும்தான்.

முதலில் தண்டு என்பது என்ன என்று பார்ப்போம். அது இரும்புக் கம்பியைப் போல ஒரு திடப்பொருள் இல்லை. கோடானுகோடி விண்மீன்களும் அவற்றுக்கிடையே ஏராளமான வெற்றிடமும்தான் அங்கே உண்டு. ஒவ்வொரு விண்மீனும் தன் பாதையில் தனியாகப் போகிறது. அந்தப் பாதை வட்டமாக இல்லாமல் நீண்டு ஒடுங்கியிருக்கிறது. இப்படி நீண்ட பாதைகள் எல்லாம் ஒரே திசையில் அணிவகுத்துக்கொள்ளும்போது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தண்டு தெரிகிறது. பின்னல் கோலாட்டத்தில் ஆடுபவர்கள் ஒவ்வொருவரும் வளைந்து நெளிந்து தம் வழியில் ஓடுகிறார்கள், மேலே கயிற்றில் விழும் பின்னல் வேறொரு வேகத்தில் வளர்கிறது. ஆடுபவர் வேகம் வேறு, பின்னலின் வேகம் வேறு. தண்டிலும் அப்படித்தான். உள்ளே இருக்கும் விண்மீன்கள் தண்டைவிட வேகமாகச் சுற்றுகின்றன. தண்டின் முனையைத் தாண்டிச் சற்று வெளியே போனால் விண்மீனும் தண்டும் ஒரே வேகத்தில் சுற்றும் ஓர் எல்லை வருகிறது. அதற்கும் அப்பால் விண்மீன்கள் தண்டைவிடப் பின்தங்குகின்றன. தண்டு அந்த எல்லைக்கு வெளியே நீளவே முடியாது. அங்கே நீண்ட பாதைகள் தண்டுக்குக் குறுக்காகத் திரும்பிவிடும்.

இதை யாரும் வானத்தில் பார்த்துக் கற்கவில்லை. கணிப்பொறியில்தான் முதலில் தெரிந்தது. 1971இல் நாசாவின் லாங்லி மையத்தில் இருந்த ஃபிராங்க் ஹோல், ஒரு லட்சம் புள்ளிகளை விண்மீன்களாகக் கொண்டு ஒரு தட்டைச் சுழலவிட்டார். ஈர்ப்பு விசை ஒன்றைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்த தட்டு சில சுற்றுகளுக்குள் குலைந்து, நடுவில் தண்டாக நீண்டு நின்றது. தண்டு செய் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. வட்டப் பாதையில் அமைதியாகச் சுற்றும் தட்டு என்பது உள்ளுக்குள் நிலையற்றது. எங்காவது ஒரு சிறு மிகுதி ஏற்பட்டால் போதும், அது தன்பால் இழுக்கும், இழுக்கப்பட்டவை மேலும் இழுக்கும், கடைசியில் எல்லாப் பாதைகளும் ஒரே பக்கம் சாயும்.

ஜெரமையா ஆஸ்ட்ரைக்கரும் ஜேம்ஸ் பீபிள்ஸும் 1973இல் இதையே ஒரு சிக்கலாகப் பார்த்தார்கள். அவர்கள் பயன்படுத்தியவை வெறும் 150 முதல் 500 புள்ளிகள். தட்டுகள் இவ்வளவு எளிதாகக் குலையுமென்றால் நம் பால்வீதி இத்தனை காலம் தட்டாக நிலைத்திருப்பது எப்படி என்பது அவர்கள் கேள்வி. கண்ணுக்குத் தெரியாத பெரும் நிறை ஒன்று தட்டைச் சுற்றிக் கோளமாகச் சூழ்ந்திருந்து அதை நிலைப்படுத்த வேண்டும் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். கரும்பொருள் இருந்தாக வேண்டும் என்று வானியலாளர்களை நம்பவைத்த வாதங்களில் அதுவும் ஒன்று. பீபிள்ஸுக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தபோது பேசப்பட்டவை பெரும்பாலும் பிரபஞ்சத்தின் தொடக்கம் பற்றிய அவருடைய வேலைகள்தான். 1973இல் வந்த அந்தச் சிறு கட்டுரையை நான் அவற்றுக்குக் குறைவாக மதிப்பிட மாட்டேன்.

கதை அங்கே முடியவில்லை. கணிப்பொறிகள் வளர்ந்து, கரும்பொருள் உறையையும் அசையாத பின்னணியாக வைக்காமல், அதன் துகள்களையும் நகரவிட்டுக் கணக்கிட முடிந்தபோது முடிவு திரும்பியது. லியா அத்தனாசூலா 2002இல் காட்டியது இது: கரும்பொருள் உறை தண்டின் கோண உந்தத்தை, அதாவது அதன் சுழற்சி உந்தத்தை, வாங்கிக்கொள்கிறது, அப்படி இழக்க இழக்கத் தண்டு இன்னும் நீண்டு வலுக்கிறது. தண்டு உருவாவதைத் தடுக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டதே அதை வளர்க்கவும் செய்கிறது. ஆஸ்ட்ரைக்கரும் பீபிள்ஸும் கேட்ட கேள்வி சரி, கரும்பொருள் உண்டு என்ற முடிவும் சரி. இடையில் இருந்த காரணம் மட்டும் அவர்கள் நினைத்ததைவிடச் சிக்கலானது.

இனி, சுழலும் வேகம். விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அது நம்மை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்பது டாப்ளர் விளைவால் தெரிந்துவிடும். கேலக்சியின் ஒரு பக்கம் நம்மை நெருங்குகிறது, மறுபக்கம் விலகுகிறது. ஆகவே அது சுழல்கிறது. ஆனால் இது விண்மீன்களின் வேகம், தண்டின் வேகம் இல்லை. வடிவத்தின் வேகத்தை நிறமாலை நேரடியாகச் சொல்லாது. வடிவம் ஒளி விடுவதில்லையே, அதில் உள்ள விண்மீன்கள்தானே விடுகின்றன.

1984இல் ஸ்காட் டிரெமைனும் மார்ட்டின் வைன்பர்க்கும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். கேலக்சித் தட்டின் நீள அச்சுக்கு இணையாக, மையத்தைவிட்டுச் சற்றுத் தள்ளி, படத்தின் மீது ஒரு மெல்லிய பிளவை வைத்துக்கொள்வோம். தண்டு அந்தப் பிளவைச் சாய்வாகக் கடக்கிறது. அதனால் பிளவுக்குள் ஒளி சமமாக விழாது, ஒரு பக்கம் கனத்திருக்கும். அந்தக் கனம் மையக் கோட்டிலிருந்து சராசரியாக எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்கலாம். அதே பிளவில் விழும் விண்மீன்களின் வேகங்களுக்கும் ஒரு சராசரி எடுக்கலாம். வடிவம் கலையாமல் சுழல வேண்டுமானால் அந்தக் கனம் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். விண்மீன்கள் இடையில் புதிதாக முளைப்பதோ மறைவதோ இல்லை என்றால், நகர்வைச் சுமப்பவை அங்கேயுள்ள விண்மீன்களே. எனவே ஒரு சராசரியை மற்றதால் வகுத்து, கேலக்சியின் சாய்வுக்குத் திருத்தம் செய்தால் கிடைப்பது வடிவம் சுழலும் வேகம். தண்டு எப்படி உருவானது, கரும்பொருள் எவ்வளவு இருக்கிறது என்ற எந்தக் கோட்பாடும் இதற்குத் தேவையில்லை. அசையாத ஒரு படம், ஒரு நிறமாலை, ஒரு வகுத்தல். இந்த வழியைப் படித்துப் புரிந்துகொண்ட பிறகுதான் கேலக்சிப் படங்களை நான் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன்.

தூசும் புதுப் பிறப்பும் இல்லாத என்ஜிசி 936 போன்ற கேலக்சிகளில் இது நன்றாகப் பலித்தது. என்ஜிசி 1365 அவ்வளவு எளிதில் பிடிகொடுக்காது. அங்கே தூசு ஒளியை மறைக்கிறது, விண்மீன்கள் ஓயாமல் பிறக்கின்றன. ஸ்வீடனின் பெர் ஓலாஃப் லிண்ட்பிளாட் இந்தக் கேலக்சியோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர். பால்வீதி சுழல்கிறது என்பதை 1920களில் நிறுவியவர்களில் ஒருவரான பெர்ட்டில் லிண்ட்பிளாடின் மகன். அவரும் அத்தனாசூலா உள்ளிட்ட உடன் பணியாளர்களும் 1996இல் வேறு வழியில் போனார்கள். கணிப்பொறியில் இதே அளவுள்ள தண்டைச் சுழலவிட்டு, அதில் வாயுவைப் பாயவிட்டார்கள். வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஏதோ ஒரு வேகத்தில் கணிப்பொறியின் வாயு படத்தில் உள்ள தூசுக் கோடுகளின் இடத்துக்கும் கைகளின் வளைவுக்கும் வாயுவின் அளந்த வேகங்களுக்கும் ஒருசேரப் பொருந்தி வந்தது. 35 கோடி ஆண்டுகள் என்ற எண் அந்த வேகத்திலிருந்து வருவது.

அந்தத் தூசுக் கோடுகள் ஏன் தண்டின் விளிம்பில் இருக்கின்றன என்பதும் இதில் விளங்குகிறது. விண்மீன்கள் ஒன்றையொன்று மோதாமல் கடந்துவிடும். வாயுவால் அது முடியாது. தண்டின் முன்விளிம்பில் வேகமாக வரும் வாயு ஏற்கெனவே அங்கே தேங்கிய வாயுவில் மோதுகிறது, அமுங்குகிறது, கோண உந்தத்தை இழக்கிறது. சுற்றும் திறனை இழந்தது உள்ளே விழுந்தாக வேண்டும். படத்தில் நாம் பார்க்கும் பழுப்புக் கோடு என்பது வாயு மையத்தை நோக்கி விழும் பாதை.

விழும் வாயு நேராக மையத்துக்குப் போவதில்லை. மையத்தைச் சுற்றி ஒரு வளையத்தில் தேங்கி விண்மீன்களாகிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அந்த வளையத்தின் தூசைத் துளைத்துப் பார்த்தது. சூரியனைப் போல் பத்து லட்சம் மடங்குக்கு மேல் நிறையும், ஒரு கோடி ஆண்டுக்குக் குறைவான வயதும் உள்ள விண்மீன் கொத்துகள் சுமார் 30 அங்கே இருக்கின்றன. அவற்றில் 16 கொத்துகளை வெப்தான் முதன்முதலில் கண்டது. பத்துக் கோடி ஒளியாண்டு தூரத்துக்குள் இத்தனை பெரிய இளம் கொத்துகள் வேறெந்தக் கேலக்சியிலும் தெரியவந்ததில்லை. ஒரு கோடி ஆண்டில் தண்டு பத்து டிகிரிதான் திரும்பும். தண்டு சற்றே அசைவதற்குள் பத்து லட்சம் சூரியன்கள் ஒரே இடத்தில் பிறந்துவிடுகின்றன.

வளையத்துக்கும் உள்ளே, நட்ட நடுவில், சூரியனைப் போல் சுமார் 20 லட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை இருக்கிறது. அங்கே காலம் முற்றிலும் வேறு. 2006 ஏப்ரலில் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி இரண்டு வாரத்தில் ஆறு முறை, இரண்டு நாளைக்கு ஒரு தடவையாக, அந்த மையத்தைப் பார்த்தது. முதல் தடவை மையத்தின் எக்ஸ் கதிர்கள் வந்தன. இரண்டாம் தடவை அவை காணவில்லை. மூன்றாம் தடவை மீண்டும் வந்தன. கருந்துளையைச் சுற்றும் அடர்ந்த மேகம் ஒன்று குறுக்கே வந்து மறைத்துவிட்டு விலகியிருக்கிறது. ஒரு கிரகணம். சில நாட்களில் தொடங்கி முடிந்த அந்தக் கிரகணத்தை வைத்து, கருந்துளையைச் சுற்றிக் கொதிக்கும் தட்டின் அளவைக் கீடோ ரிசாலிட்டியும் அவருடன் ஆய்ந்தவர்களும் கணக்கிட்டார்கள். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல் ஏழு மடங்கு. 6 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் அந்த அளவுள்ள ஒன்றை எந்தத் தொலைநோக்கியாலும் பிரித்துப் பார்க்க முடியாது. ஒரு நிழல் கடந்து போன நேரம் அதை அளந்து கொடுத்துவிட்டது. 2013இல் அதே ரிசாலிட்டி, நூஸ்டார், எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற இரு விண்கலங்களின் அளவீட்டைக் கொண்டு, இந்தக் கருந்துளை சுழலும் வேகம் கோட்பாடு அனுமதிக்கும் உச்சத்தில் 84 சதவீதத்துக்குக் குறையாது என்று காட்டினார்.

இந்த நாள் கணக்குகளில்தான் நாம் அந்தக் கேலக்சியோடு ஒரே காலத்தில் இருக்கிறோம். அதன் தூரம் நமக்குத் தெரிந்ததே அப்படித்தான். ஹபிள் விண்தொலைநோக்கி அதில் 52 செஃபீடு விண்மீன்களைக் கண்டுபிடித்தது. 14 முதல் 60 நாட்களுக்கு ஒரு முறை கூடிக் குறையும் விண்மீன்கள். துடிப்பு எவ்வளவு நிதானமோ அவ்வளவு பிரகாசம் என்பது ஹென்ரியெட்டா லெவிட் 1912இல் நிறுவிய உறவு. உண்மையான பிரகாசம் தெரிந்தால், நமக்குத் தெரியும் மங்கலிலிருந்து தூரம் வந்துவிடும். சூப்பர்நோவாக்களும் இங்கே அடிக்கடி வெடிக்கின்றன. 1957, 1983, 2001, 2012 என நான்கு பதிவாகியிருக்கின்றன. 2012இல் வெடித்ததைச் சிலியின் லா சியாவில் தானாக இயங்கும் ஒரு தொலைநோக்கி பிடித்தது. 2001இல் வெடித்ததைக் கண்ணால் பார்த்துச் சொன்னவர் ராபர்ட் எவன்ஸ், ஆஸ்திரேலியாவின் நீல மலைப் பகுதியில் வாழ்ந்த கிறிஸ்தவப் போதகர். நூற்றுக்கணக்கான கேலக்சிகளின் தோற்றத்தை மனப்பாடமாக வைத்திருந்தவர் அவர். தொலைநோக்கியை ஒரு கேலக்சிக்குத் திருப்பிய மாத்திரத்தில் நேற்று இல்லாத புள்ளி இன்று இருந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். டன்லப் இருந்த பரமட்டாவுக்கு மேற்கே, அதே வானத்தின் கீழ், 175 ஆண்டுகள் கழித்து, அதே கேலக்சியில் ஒரு புதுப் புள்ளியை அவர் கண்டார்.

தண்டின் காலத்துக்கு இந்தப் பொறுமை போதாது. அதற்கு வேறொரு உபாயம் இருக்கிறது. தொலைவில் பார்ப்பது பழையதைப் பார்ப்பது என்பதால், வெவ்வேறு தூரத்திலுள்ள கேலக்சிகளின் படங்களைக் கோத்தால் ஒரு வரலாறு கிடைக்கும். எந்தக் கேலக்சியின் படமும் மற்றொன்றின் தொடர்ச்சி இல்லை என்றாலும் கூட்டமாகப் பார்க்கையில் போக்கு தெரியும். இளம் பிரபஞ்சத்தில் கேலக்சிகள் குழம்பிக் கிடந்தன, தண்டு உருவாகும் அளவுக்குத் தட்டுகள் அடங்கி ஒழுங்காக நெடுங்காலம் ஆனது என்றுதான் ஹபிளின் படங்களை வைத்து எண்ணியிருந்தோம். ஹபிளில் வெறும் மங்கலாக இருந்த ஈஜிஎஸ் 23205 என்ற கேலக்சியில், வெப் தெளிவான தண்டைக் காட்டியது. 1,100 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒளி அது. 2023இல் அறிவிக்கப்பட்ட சீயர்ஸ் 2112 அதைவிடவும் பழையது, பெருவெடிப்புக்குச் சுமார் 210 கோடி ஆண்டுகள் கழித்தே தண்டோடு நிற்கிறது. அவ்வளவு சீக்கிரம் தட்டுகள் அடங்கியது எப்படி என்று இப்போது பலரும் கணிப்பொறியில் திரும்பவும் புள்ளிகளைச் சுழலவிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரே ஒரு தண்டின் கடந்தகாலத்தை மட்டும் நெருங்கிச் சென்று படிக்க முடிந்திருக்கிறது. அது நம்முடையது. பால்வீதியிலும் தண்டு இருக்கலாம் என்று ஜெரார் த வோக்குலர் 1964இலேயே வாயுவின் நகர்வை வைத்துச் சொன்னார். 2005இல் ஸ்பிட்சர் தொலைநோக்கி அகச்சிவப்பில் 3 கோடி விண்மீன்களை எண்ணி அதை உறுதிப்படுத்தியது. நாம் உள்ளே இருப்பதால் முழு உருவம் நமக்குத் தெரியாது. ஆனால் உள்ளே இருப்பதால்தான் விண்மீன்கள் ஒவ்வொன்றின் தூரத்தையும் வேகத்தையும் அளக்க முடிகிறது. கையா விண்கலம் அதைச் செய்தது.

இங்கே ஒரு பழைய கட்டுரை உதவிக்கு வருகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் இருந்தபோது 1943இல் எழுதியது. ஒரு விண்மீன் மற்ற விண்மீன்களின் கூட்டத்துக்கு நடுவே போகும்போது, எதையும் தொடாமலேயே வேகம் இழக்கிறது என்று அவர் காட்டினார். அது கடந்து போன இடத்தில் ஈர்ப்பால் மற்றவை சற்றே கூடிவிடுகின்றன. அந்தக் கூட்டம் பின்னாலிருந்து அதை இழுக்கிறது. இயக்க உராய்வு என்று அதற்குப் பெயர். நாற்பது ஆண்டுகள் கழித்து டிரெமைனும் வைன்பர்க்கும் அதே எண்ணத்தைச் சுழலும் தண்டுக்கு விரித்தார்கள். கரும்பொருள் உறைக்குள் சுழலும் தண்டு அந்த உறையின் இழுப்பால் மெல்ல மெல்ல வேகம் குறைய வேண்டும். சந்திரசேகர் அதை எழுதியபோது கரும்பொருளை மனதில் வைத்திருக்கவில்லை. அவர் கையாண்டது விண்மீன் கொத்துகளின் ஆயுளை.

தண்டு வேகம் குறையும்போது, விண்மீனும் தண்டும் ஒரே வேகத்தில் சுற்றும் எல்லை வெளியே நகர்கிறது. அந்த எல்லையில் சிக்கிய விண்மீன்களையும் அது தன்னோடு இழுத்துக்கொண்டு வருகிறது. மையத்துக்கு அருகே பிறந்தவை உலோகம் மிகுந்தவை. எனவே சிக்கிய கூட்டத்தின் உள்நடுவில் உலோகம் மிகுந்த விண்மீன்களும், வெளியடுக்குகளில் வழியில் சேர்ந்துகொண்ட மற்றவையும் இருக்க வேண்டும். 2021இல் ரிம்பேய் சிபாவும் ரால்ஃப் ஷோன்ரிச்சும் சூரியனுக்கு அருகில் ஒன்றாக ஓடும் ஒரு விண்மீன் கூட்டத்தில் இந்த அடுக்கைக் கண்டார்கள். அதிலிருந்து பால்வீதியின் தண்டு உருவான நாள் முதல் இதுவரை தன் வேகத்தில் குறைந்தது கால் பங்கை இழந்திருக்கிறது என்று கணக்கிட்டார்கள். இழந்த சுழற்சி எங்காவது போயிருக்க வேண்டும். தட்டில் உள்ள விண்மீன்களும் வாயுவும் அவ்வளவையும் ஏற்றுக்கொள்ள முடியாது. அது எந்தப் படத்திலும் விழாத கரும்பொருள் உறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஈர்ப்பு விதியையே திருத்தி எழுதிக் கரும்பொருள் வேண்டாம் என்பவர்கள் இனி இந்தக் கால் பங்குக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.